முதலியார்பேட்டையில் நான் அணைத்த சுவிட்ச்

ஒரு வாரம் இணையம் இல்லாமல் இருந்து காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று என் கணவர் பந்தயம் கட்டினார். மீசை இன்னும் அவர் முகத்தில்தான் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடம் நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான்.

கோயம்புத்தூரில் ஒரு புடவைக்கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 'இந்த மாம்பழ மஞ்சள் இருக்கா சிஸ்டர்', 'விலையை இன்பாக்ஸில் சொல்லுங்க' என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். பதில் சொல்லி முடித்த பிறகு, அதே பழக்கத்தில் ஊர் உலகத்துச் சண்டைகளுக்கும் பதில் சொல்லப் போய்விடுவேன். சாம்பார் அடிப்பிடித்த நாட்கள் அதிகம். ஒருநாள் குக்கர் விசிலைக்கூட ஏதோ அறிவிப்புச் சத்தம் என்று நினைத்துப் போனைத் தேடினேன். அன்றைக்குத்தான் பந்தயம்.

புறப்படும் முன் ஒரு பதிவு போட்டேன். 'சில நாட்கள் இணையத்திலிருந்து விலகி இருக்கிறேன். தேட வேண்டாம்.' அணைத்து வைத்த என் போனின் படம் அதற்கு. அணைத்து வைத்த போனைப் படம் எடுக்க இன்னொரு போன் வேண்டுமே, கணவருடையதை வாங்கி எடுத்தேன். பேருந்து ஏறும்வரை அவர் போனிலேயே எத்தனை பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் போனைப் பீரோவுக்குள் விட்டுவிட்டு நான் புதுச்சேரிக்குப் போனேன். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். கடல்தான் இல்லை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன வருஷம் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்குத் தங்கிவிட்டு வந்தாள். அந்த வீட்டம்மாவின் சமையலைப் பற்றி அவள் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த அறையைத்தான் கணவர் போனிலிருந்து பேசி நானும் எடுத்திருந்தேன்.

காலையில் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கை தானாகக் கைப்பைக்குள் போய்த் துழாவியது. சீப்புதான் அகப்பட்டது. நாமே வழி கேட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது ஒரு வீரம் வந்தது. இந்த ஊரில் டெம்போ என்று ஒன்று ஓடுகிறது. எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். 'முதலியார்பேட்டை போகுங்களா' என்று கேட்டேன். டிரைவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு 'எதிர்ப்பக்கம் போய் நில்லு' என்று அர்த்தம் என்பது லாஸ்பேட்டையில் இறக்கிவிட்டபோதுதான் தெரிந்தது. சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள், அரசாங்கக் குடியிருப்புகள், வரிசைவரிசையாக ஸ்கூட்டர்கள்.

"இன்னாம்மா, போன்ல மேப்பப் பாத்துட்டு ஏறக் கூடாதா?" என்றார் டிரைவர்.

"நான் போன் வெச்சுக்கறதில்லைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எதிரே வந்த டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி, "யோவ், அந்தம்மாவ முதலியார்பேட்டைல பாத்து எறக்கி வுடு. போன் கூட இல்லையாம் பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' எனக்குப் பாராட்டாகவே கேட்டது.

தெருமுனையில் விசாரித்தேன். "சொல்தா வூடா? நேராப் போங்க" என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். அந்த சொல்தா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவர் மனைவி மதலேன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். குட்டையாக வெட்டிய நரைமுடி, பூப்போட்ட நைட்டி, ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தார்.

"வாங்க வாங்க. இன்னும் காணமேன்னு உங்க வூட்டுக்காருக்கு வீடியோல போன் போட்டேன். அவ போனே எடுத்துட்டுப் போவலியேன்றாரு. பயந்துட்டேன்."

மாடியில் இருந்தது அவர் மகள் செலினின் அறை. செலின் பிரான்சில் இருந்தாள். சுவரில் அவள் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயப் படங்கள், மேசையில் அவள் அடுக்கிவிட்டுப் போன பழைய பாடப் புத்தகங்கள். அலமாரி மேல் இணையப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"வைஃபை பாஸ்வேர்டு எழுதித் தரட்டுமா?"

"வேண்டாங்க. நான் நெட் பயன்படுத்தறதில்லைங்க." மாமிசம் சாப்பிடுவதில்லை என்று சொல்பவர்களின் குரலில் சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு நீள ரொட்டியும் ஆட்டுக்கறி ரகுவும். ரகு என்பது நம் குருமாவைவிடத் தண்ணியாக, பட்டை வாசனையோடு, பிரெஞ்சுக்காரனும் தமிழச்சியும் சேர்ந்து வைத்த குழம்பு மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் கறிக்குழம்பில் தேங்காயை அள்ளிப் போடுவோம். இது வேறு குணம். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கினேன். அப்போது எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்த மதலேன் அம்மாவின் போனில் ஒரு முகம் வந்தது. செலின். நிறைமாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்து தட்டில் எதையோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது பிற்பகல்.

இருவரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "நீ இன்னும் ஊத்திக்கலியா?" என்று அவள் கேட்டாள். "அந்தக் கீரைய மிச்சம் வைக்காத" என்று இவர் சொன்னார். நடுநடுவே மென்றுகொண்டு சும்மா இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. போதையை விட்டவனுக்கு அடுத்தவன் கையில் கிளாஸைப் பார்த்தால் வரும் எரிச்சல் அது.

போன் வைத்ததும் ஆரம்பித்தேன். "தினமும் இப்படித்தானுங்களா? சாப்பிடற நேரத்துலயாவது இதைத் தள்ளி வெச்சாத்தாங்க சாப்பாட்டு ருசி தெரியும். நாமதான் இதுக்கு அடிமை ஆயிட்டோம்." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாமே நான் இணையத்தில் படித்தவை.

மதலேன் அம்மா பொறுமையாகக் கேட்டார். "அவளும் தனியாத்தான் சாப்புடுவா, நானும் தனியாத்தான் சாப்புடுவேன். இப்டி வச்சிக்கினா ரெண்டு பேரு" என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருப்பதாகச் சொன்னார். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து போக டாக்டர் விடவில்லையாம். மாப்பிள்ளை பியேருக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார்.

"வலி எடுத்தா மொதல்ல எனக்குத்தான் போடுவா. பக்கத்துல நிக்கத்தான் முடியல, பேசிக்கினாவது இருக்கலாம்ல."

நான் நல்லது என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனேன். விளக்கை அணைத்துப் படுத்தால் அலமாரி மேல் நீலப்புள்ளி ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் படுத்தால் சுவரில் அதன் வெளிச்சம். என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. எழுந்து சுவிட்சைத் தட்டினேன். இருட்டு நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டுக்கே இணையம் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். தினம் இணையத்தில் சோறு தின்பவளுக்கு அது தோன்றாமல் போகுமா?

மறுநாள் விடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். பீச்சில்தான் இருப்பேன் என்று மதலேன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடற்கரைச் சாலையில் வண்டிகள் இல்லை. கனவான்கள் கைகளை வீசி நடந்தார்கள். கல்லில் மோதித் தெறிக்கும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சூரியன் வந்தபோது என் கை தானாக மேலே எழுந்தது, படம் எடுக்க. வெறுங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சூரியன் எனக்கு மட்டும்தான் என்று கர்வப்பட்டேன்.

காபி குடித்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் நடுவே வேடிக்கை பார்த்தேன். "வாங்கலன்னா வழிய வுடு தாயி" என்றாள் ஒருத்தி, சங்கராவின் வாலைப் பிடித்துத் தூக்கியபடி. வெயில் ஏறியது. பேருந்து நிலையத்தில் முதலில் புறப்பட்ட ஊர்வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் போவதுதான் பயணம் என்பது என் அன்றைய தத்துவம்.

அது சேதராப்பட்டுக்குப் போனது. தொழிற்பேட்டை. நீளமான தகரக் கூரைகள், லாரிகள், இரும்பு அறுக்கும் வாசனை. ஒரு டீக்கடையில் கம்பெனிச் சீருடையில் மூன்று பெண்கள் ஷிப்ட் முடிந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் எனக்கும் இடம் விட்டார்கள். போண்டாவுக்குத் தந்த காரச் சட்னியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னாக்கா, வூட்ல சண்டையா?"

"இல்லைங்க. சும்மா சுத்திப் பார்க்க வந்தேன்."

"சேதராப்பட்டயா?" மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் இல்லை என்று சொன்னதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நடுவில் இருந்தவள் தன் போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கோவம் இருக்கட்டும்க்கா. எங்க இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. தேடுவாங்கல்ல."

"என்னை யாரும் தேட மாட்டாங்க" என்று சிரித்தபடி போனைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அந்தப் பகல் முழுக்கச் சந்தோஷம். வரைபடம் இல்லாமல் ஓர் ஊரையே கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. திரும்பும்போது பேருந்து பாதி வழியில் நின்றுபோய், மாற்று வண்டிக்காக மரத்தடியில் காத்திருந்ததுகூட ருசியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மதலேன் அம்மா கூடத்தில் முக்காலி மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். முட்டி வீங்கியிருந்தது. மடியில் போன்.

"வந்துட்டீங்களா? உங்களத் தேடித்தான் பீச்சுக்கு வந்தேன். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தேன். காணம்."

"எதுக்குங்க?"

"காலைலேர்ந்து நெட்டு இல்ல. கேபிள்காரனுக்குப் பக்கத்து வூட்லேர்ந்து போன் போட்டா, பொட்டில லைட்டு எரியுதான்னு பாருன்றான். ரூம் பூட்டியிருக்கு. இன்னொரு சாவி எங்க வச்சேன்னு தெரியல. இந்த சிம்முக்கு நான் காசே போடுறதில்ல, வூட்ல வைஃபை இருக்குதேன்னு. மேல போயி லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்றீங்களா?"

படியேறும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்தேன். அலமாரி மேல் அந்தப் பெட்டி கறுப்பாக உட்கார்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். முதலில் சிவப்பு, பிறகு பச்சை, பிறகு அந்த நீலம்.

கீழே வந்தேன். 'நான்தான் அணைத்துவிட்டேன், மன்னிச்சுக்குங்க' என்று சொல்ல வேண்டிய வாய், "எரியுதுங்க" என்றது.

அது பொய்யில்லைதான். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் மடியிலிருந்த போன் சத்தம் போடத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, பிறகு விடாமல். புடவைக் கடையில் புதுச் சரக்கு வந்த அன்று என் போன் அப்படித்தான் கத்தும். மதலேன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் தள்ளினார். செலின், செலின், செலின் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது, எல்லாம் தவறிய அழைப்புகள். அவர் முகத்தில் இருந்த சதையெல்லாம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் தம்பி அந்துவான். லாஸ்பேட்டையில் இருப்பவர். கடலூரில் ஒரு சாவுக்குப் போய், போனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இப்போதுதான் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"அக்கா! போன ஏன் எடுக்கல நீ? செலினுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!"

மதலேன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அழுதார், சிரித்தார். "பியேர் இருந்தாரா பக்கத்துல?" என்று கேட்டார்.

"எங்க? ரயில் புடிச்சி அவர் வர்றதுக்குள்ள பொறந்துடுச்சாம். தனியாத்தான் இருந்திருக்கா."

 மதலேன் அம்மா திருப்பி அழைப்பதற்குள் அங்கிருந்தே அழைப்பு வந்துவிட்டது. பியேர்தான் பேசினார். செலின் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில் அவர் ஏதோ வேகமாகக் கேட்க, இவர் நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு விரலால் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். நான் தூணோடு தூணாக நின்றிருந்தேன். விருந்தாளிக்குப் புரியட்டுமே என்று அந்துவான் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார்.

"என்னா ஆச்சின்னு கேக்குறாரு மாப்ள. தப்பு என்னோடதுதான், தலைவலின்னு அந்தப் பொட்டிய நானே அணைச்சிட்டேன், அப்றம் மறந்துட்டேன்னு சொல்லுது அக்கா." சற்று நிறுத்தினார். "வயசாவுதுல்ல. மறதி வந்துடுச்சி."

மதலேன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் இட்லி வைத்தார். பக்கத்தில் மிச்சமிருந்த ரகு. எங்கள் ஊரில் கறிக்குழம்புக்கு இட்லியை மிஞ்சி எதுவுமில்லை என்று பெருமை பேசுவோம். எனக்கு ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை. அந்துவான் மறுபடி வந்திருந்தார். செலினும் அவரும் காலையிலேயே பேசிக்கொண்டார்களாம்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. இன்னிக்கி நெட்ட அணைச்சிட்டு மறந்த. நாளைக்கி கேஸ அணைக்க மறந்தா? செலின் ஒரே அழுவ. அம்மாவ இனிமே தனியா வுடாதீங்க மாமான்றா. வூட்டப் பூட்டிட்டு நம்ம வூட்டுக்கு வந்துடு. டாக்டர்கிட்டயும் ஒரு வாட்டி காட்டிடலாம்."

மதலேன் அம்மா சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "பாப்போம்டா" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, வெளியே போய்விட்டு வருவதாகச் சொன்னேன்.

வெள்ளையர் தெருக்களில் சுற்றினேன். மஞ்சள் சுவர், வெள்ளைச் சட்டம், சுவரில் சரிந்த காகிதப்பூ. ஒவ்வொரு சுவர் முன்னும் யாரோ ஒருவர் ஒரு காலை மடக்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். புதுமணத் தம்பதி ஒன்று என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னது. எடுத்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க தலை ரெண்டும் வெட்டிடுச்சு, இன்னொண்ணு" என்றாள். இன்னொன்றும் அப்படித்தான் வந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு யோசனை வந்தது. என் கணவரை இதில் கூப்பிட்டு, ஊரில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, என்னை உடனே அனுப்பிவையுங்கள் என்று அவரை விட்டே மதலேன் அம்மாவுக்குச் சொல்லச் சொல்லலாம். இன்று இரவே ஊர்போய்ச் சேரலாம். அப்படியொரு யோசனை எனக்கு வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். கூப்பிடவில்லை. நல்ல புத்தியால் அல்ல. கணவரின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை.

மாலையில் திரும்பினேன். மதலேன் அம்மா அடுக்களையில் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"எது?"

"அந்தப் பெட்டி..."

"தெரியும். நீங்க மேல போயிட்டு எறங்குனதும் நெட்டு வந்துடுச்சி." அவர் கை நிற்கவில்லை. "கொஞ்ச நேரம் பாத்தேன், நீங்களே சொல்லுவீங்கன்னு."

"நீங்க எதுக்குங்க பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"நம்ம வூட்ல சாப்ட்டுக்கினு இருக்கவங்கள எப்டிக் காட்டிக் குடுக்குறது? நாளைக்கி நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. அவ எங்கிட்டதான் கோச்சிக்குவா, எங்கிட்டயே வருவா."

"உங்களை லாஸ்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களே."

 மீன் துண்டைத் திருப்பி அந்தப் பக்கமும் தடவினார். அவர் மறைத்தது கோபத்தையா பயத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்துக்கு அந்துவானும் இருந்தார். போன் செம்பில் சாய்ந்திருந்தது. செலின் வந்தாள். வெளுத்த முகம், கலைந்த முடி. மார்பில் சுருட்டி வைத்த வெள்ளைத் துணிக்குள் குழந்தையின் உச்சி முடி மட்டும் தெரிந்தது. 

"மாமா சொன்னாராம்மா? எப்ப போற அங்க?" என்றாள் செலின்.

நான் மேசையைச் சுற்றிப் போய்ப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். கேட்டுக்கூட எடுக்கவில்லை. கேட்டால் அவர் விட்டிருக்க மாட்டார்.

"நான் மேல தங்கியிருக்கறவளுங்க" என்றேன்.

"என் ரூம்லயா?"

"ஆமாங்க. அந்தப் பெட்டியை அணைச்சது நான்தான். உங்கம்மா இல்லைங்க. வெளிச்சம் கண்ணுல படுதுன்னு அணைச்சேன். பூட்டிட்டுப் போயிட்டேன். உங்கம்மா கால் வலியோட பீச் முழுக்க என்னைத் தேடியிருக்காங்க. வந்தும் நான் உண்மையைச் சொல்லலை. அவங்களுக்கு மறதியெல்லாம் இல்லைங்க. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."

செலின் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நர்சு ஒரு பாஷ பேசுறா. எனக்கும் தெரிஞ்ச பாஷதான். ஆனா வலி வந்தப்ப எனக்கு அது ஒண்ணுமே புரியல. தமிழ்ல யாராவது ஒரு வார்த்த சொன்னா போதும்னு இருந்துச்சி" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன்.

"ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?" என்ற குரல் கேட்டது. "பயந்துட்டேன் தெரியுமா, உனக்கு என்னமோ ஆவுதுன்னு ராத்திரில்லாம் அழுதேன்." மதலேன் அம்மா ஏதோ சமாதானம் சொல்ல, அவள் பிரெஞ்சுக்கு மாறினாள். இந்த முறை அந்துவான் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மதலேன் அம்மா "அச்சச்சோ, அச்சச்சோ" என்று அதைக் கொஞ்சும் சத்தமும் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்க்க எனக்குக் கூசியது. அந்தக் குழந்தையின் முகம் எப்படி இருக்கும், என்ன பெயர் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பந்தயத்தில் இன்னும் நாட்கள் இருந்தன, ஆனால் அந்தப் போனைக் கையில் எடுத்துப் பேசியபோதே நான் தோற்றிருந்தேன். மறுநாள் காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன். மதலேன் அம்மா வாசல்வரை வந்தார். முட்டியின் வீக்கம் வடிந்திருந்தது. லாஸ்பேட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போவல. தம்பி சரின்னுட்டான். டாக்டரும் வேணாம்னுட்டான்."

எனக்கு மூச்சு வந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சற்றுத் தயங்கிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

"ஆனா மேல் ரூம இனிமே யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுட்டா செலின். அந்த ஒரு வார்த்தைக்கி நானும் சரின்னுட்டேன். என்னா பண்றது, யாராவது வந்தா பேச்சுத்துணையா இருக்கும், ரெண்டு ஊர்க் கத கேக்கலாம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வுடுங்க. படி ஏறி எறங்குற வேல மிச்சம்."

மன்னிப்புக் கேட்க நான் இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "வரேங்க" என்றேன். வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"பஸ்ல பசிக்கும்" என்று செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். இன்னும் சுட்டது.

ஜன்னலோர இடம் கிடைத்தது. முன்னால் இருந்தவர் போனில் யாரிடமோ சத்தமாகச் சீட்டு நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பைக்குள் அடியில் தள்ளி வைத்தேன். இதைச் சாப்பிடுவது நியாயமில்லை, பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் பசித்தது. பிரித்தேன். ரொட்டியை நீளவாக்கில் கீறி, உள்ளே வறுத்த வஞ்சிரம், வெங்காயம், எலுமிச்சை பிழிந்திருந்தது. முள்ளை எடுத்துவிட்டு வைத்திருந்தார்.

முழுவதையும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.